சொன்ன சொல் தவறாமல் இருக்க மணிக்கட்டில் ஒரு குறிப்பேடு

நமது கடைகளில் எழுத்தில் நடக்கும் வியாபாரத்தைவிட வாய்ச்சொல்லில் நடக்கும் வியாபாரமே அதிகம். "வெள்ளிக்கிழமை லாரியில் 5 மூட்டை போட்டு விடுங்கள்", "அடுத்த வாரம் ஆள் அனுப்பிப் பாக்கியை வாங்கிக்கொள்ளுங்கள்", "அந்தப் பழைய ரகம் வந்தால் ஒரு போன் போடுங்கள்", "இந்த டின் ஒழுகுகிறது, கம்பெனி ஆள் வந்தால் மாற்றிக் கொடுங்கள்" என்று காலையில் கடை திறந்தது முதல் இரவில் ஷட்டரை இறக்கும் வரை நம்மிடம் சொல்லப்படுபவை ஏராளம். "சரி அண்ணாச்சி, ஆகட்டும்" என்று நாமும் சொல்லி விடுகிறோம். அப்படிச் சொல்லும் நேரத்தில் ஒரு கையில் தராசுத் தட்டு இருக்கும். மறுகையில் சில்லறை இருக்கும். பேனாவை எடுக்கக் கை காலியாக இருப்பதில்லை.

இவற்றில் ஒன்றிரண்டு தினமும் மறந்து போகின்றன. மறந்ததால் ஏற்படும் நஷ்டம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எலி கடித்த மூட்டையும், எடை குறைந்த சரக்கும் ஐந்தொகை போடும்போது எப்படியும் தெரிந்துவிடும். சொன்னபடி வெல்லம் அனுப்பாததால் வேறு மண்டிக்குப் போய்விட்ட சில்லறை வியாபாரி எந்தப் பேரேட்டிலும் தெரியமாட்டார். அவர் சண்டை போடுவதில்லை, புகார் சொல்வதுமில்லை. அடுத்த முறை வருவதில்லை, அவ்வளவுதான்.

கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பேசினாலே செய்ய வேண்டிய வேலையைக் குறித்துக்கொள்ளும் வசதி இப்போது வந்துவிட்டது. பெரிய கம்பெனி அதிகாரிகளுக்கான ஆடம்பரம் என்று பலர் இதை ஒதுக்கி விடுகிறார்கள். உண்மையில் இரண்டு கையும் எப்போதும் வேலையில் இருக்கும் கடைக்காரருக்கே இது அதிகம் பொருந்தும். ஆனால் இதை எதற்குப் பயன்படுத்துவது, எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்ற தெளிவு வேண்டும். அந்தத் தெளிவு இல்லாமல் வாங்கினால், பத்து நாளில் அது வெறும் மணி பார்க்கும் கடிகாரமாகிவிடும்.

மறதிக்குக் காரணம் என்ன?

மறதியை வயதின் குறை என்றோ கவனக் குறைவு என்றோ நினைக்க வேண்டியதில்லை. மனித மனம் ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ளக் கூடிய விஷயங்கள் சுமார் ஏழு என்று அமெரிக்க உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். அது ஏறக்குறைய நான்குதான் என்று நெல்சன் கோவன் 2001-இல் கணக்கைக் குறைத்தார். மாலை நேரக் கூட்டத்தில் ஒரு மளிகைக் கடைக்காரரின் மனதில் எத்தனை விஷயங்கள் நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், நான்கு என்பது எவ்வளவு சிறிய இடம் என்று புரியும்.

இன்னொரு செய்தியும் கவனிக்கத் தக்கது. பெர்லினில் ஆராய்ச்சி செய்த புளூமா ஜெய்கார்னிக் என்ற பெண்மணி, முடிந்த வேலையைவிட முடியாத வேலையே மனதில் அதிகம் தங்குகிறது என்று 1927-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பணம் கொடுக்காத மேஜையின் கணக்கை உணவு விடுதிப் பணியாளர் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார், பணம் வாங்கியவுடன் மறந்துவிடுகிறார் என்று கவனித்ததிலிருந்தே அந்த ஆராய்ச்சி தொடங்கியதாகச் சொல்வார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒரே அளவில் உறுதி செய்யவில்லை. ஆனாலும் முடியாத வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்பது நம் அனுபவத்துக்கும் பொருந்துகிறது. வாராக் கடனை நினைத்துத் தூக்கம் கெடாத வியாபாரி யார்?

இதற்கு ஒரு மாற்று வழியையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வேலையைச் செய்து முடிக்காவிட்டாலும், எப்போது எப்படிச் செய்வது என்று திட்டம் வகுத்துவிட்டாலே மனதின் அரிப்பு நின்றுவிடுகிறது. குறித்து வைப்பதன் முதல் லாபம் அந்த நிம்மதிதான். எதிரே நிற்கும் வாடிக்கையாளரை முழு மனதோடு கவனிக்க முடிகிறது.

1494-இல் சொன்ன மூன்று புத்தகங்கள்

இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர் இத்தாலியத் துறவி லூக்கா பசியோலி. அவருடைய நூல் 1494-இல் வெனிஸ் நகரில் வெளிவந்தது. வியாபாரி மூன்று புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்கிறார் அவர். முதலாவது குறிப்புப் புத்தகம். இரண்டாவது நாளேடு. மூன்றாவது பேரேடு.

இவற்றில் குறிப்புப் புத்தகத்துக்கு அவர் வகுத்த விதிகள் நமக்கு மிகவும் பொருத்தமானவை. வியாபாரத்தில் நடப்பது சிறிதோ பெரிதோ, நடந்த அந்த நேரத்திலேயே அதில் எழுதிவிட வேண்டும். முதலாளி இல்லாத நேரத்தில் வேலையாளோ வீட்டுப் பெண்களோ எழுதலாம். ஒழுங்கும் அழகும் அங்கே தேவையில்லை. எந்த நாணயத்தில் பணம் வந்ததோ அந்த நாணயத்திலேயே குறித்தால் போதும். பிறகு சாவகாசமாக உட்கார்ந்து, அதிலிருந்து சரிபார்த்து நாளேட்டுக்கும், அங்கிருந்து பேரேட்டுக்கும் ஏற்ற வேண்டும்.

நம் ஊர்களில் தினச்சிட்டையும் பேரேடும் வைத்திருந்த பெரியவர்கள் செய்ததும் இதுவேதான். கைக்குக் கிடைத்த அட்டையில் கிறுக்கி, இரவில் கணக்குப்பிள்ளையை வைத்து ஏற்றினார்கள். மணிக்கட்டில் பேசிக் குறிக்கும் கடிகாரம் இந்த மூன்றில் முதல் புத்தகம் மட்டுமே. இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானே விளங்கும். கடிகாரம் பிடித்து வைக்கும். ஏற்றுவது நம் வேலை. ஏற்றாத குறிப்பும் மறந்த பேச்சும் ஒன்றுதான்.

கடிகாரம் பேச்சைக் கேட்கத் தொடங்கிய கதை

பேசிப் பதிவு செய்யும் ஆசை பழையது. எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். அதன் பயன்களை மறு ஆண்டே பட்டியலிட்டபோது, பாட்டை முதலில் வைக்கவில்லை. கடிதங்களைச் சொல்லிப் பதிவு செய்வதையே முதலில் வைத்தார். மணிக்கட்டில் கட்டிப் பேசும் கருவி 1946-இல் அமெரிக்கச் செய்தித்தாள் சித்திரக் கதையான டிக் ட்ரேசியில் கற்பனையாக வந்தது.

1994-இல் டைமெக்ஸ் நிறுவனம் மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து டேட்டாலிங்க் என்ற கைக்கடிகாரத்தை வெளியிட்டது. கம்ப்யூட்டர் திரையில் மின்னும் கோடுகளுக்கு எதிரே கடிகாரத்தைப் பிடித்தால், தொலைபேசி எண்களும் செய்ய வேண்டிய வேலைகளும் கடிகாரத்துக்குள் போய்விடும். நல்ல கருவிதான். ஆனால் வேலைகளைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. கல்லாவில் நிற்பவருக்கு அதனால் பயனில்லை.

பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் கடிகாரங்கள் பரவலாகச் சந்தைக்கு வந்தது 2014-இல் ஆண்ட்ராய்டு வேர் கடிகாரங்களும், 2015 ஏப்ரலில் ஆப்பிள் வாட்சும் வந்த பிறகுதான். ஆண்ட்ராய்டு வேர் என்பது 2018-இல் வேர் ஓஎஸ் என்று பெயர் மாறியது. கூகிளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் 2017 ஆகஸ்டில் சேர்ந்தது. தமிழில் பேசித் தமிழிலேயே எழுத்தைப் பெறுவது அதற்குப் பிறகே சாதாரண வியாபாரிக்குக் கைகூடியது.

எந்தக் கடிகாரம்?

கடைகளில் ஸ்மார்ட் வாட்ச் என்று விற்பவை எல்லாம் ஒரே வகை அல்ல. வாங்குமுன் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வகையில் மைக்கே கிடையாது. நடந்த அடிகளை எண்ணும், நாடித் துடிப்பைக் காட்டும், போன் வந்தால் அதிரும். நம் காரியத்துக்கு உதவாது.

இரண்டாவது வகை, புளூடூத் காலிங் என்று விளம்பரம் செய்யப்படும் குறைந்த விலைக் கடிகாரங்கள். இவற்றில் மைக்கும் ஒலிபெருக்கியும் உண்டு. குரல் உதவிக்கான பொத்தானும் பலவற்றில் உண்டு. ஆனால் அதை அழுத்தும்போது பதில் சொல்வது கடிகாரம் அல்ல. பையில் இருக்கும் செல்போன்தான். புளூடூத்துக்குச் சுமார் 10 மீட்டர் எல்லை; நடுவே சுவர் இருந்தால் அதுவும் குறையும். போனைக் கல்லாவில் வைத்துவிட்டுக் குடோனுக்குப் போனால் கடிகாரம் ஊமையாகிவிடும். போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவருக்கு இந்த வகையே போதுமானது.

மூன்றாவது வகை, வேர் ஓஎஸ் கடிகாரங்களும் ஆப்பிள் வாட்சும். இவற்றில் குறிப்பு எழுதும் செயலிகள் கடிகாரத்துக்குள்ளேயே இருக்கும். ஆண்ட்ராய்டு வகையில் கூகிள் கீப்பும், ஆப்பிளில் ரிமைண்டர்ஸும் பலருக்கும் தெரிந்தவை. ஆப்பிள் வாட்சுக்கு ஐபோன் கட்டாயம். வேறு போனோடு அது சேராது. விலையும் கூடுதல். பெரும்பாலான மாடல்களுக்கு ஒரு நாள் அல்லது இரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். இரவில் கல்லாவை எண்ணும்போது சார்ஜில் போடுவதை வழக்கமாக்கிக் கொள்ளலாம்.

குறிப்பதிலும் இரண்டு முறை உண்டு. பேச்சை எழுத்தாக மாற்றுவது ஒன்று. குரலை அப்படியே பதிவு செய்து வைப்பது மற்றொன்று. முதல் முறைக்குப் பெரும்பாலும் இணைய இணைப்பு வேண்டும். பட்டியலைப் பார்த்தவுடன் படிக்கலாம். இரண்டாவது முறையில் இணைப்பும் மொழியும் ஒரு தடையே அல்ல. நெல்லைத் தமிழோ கொங்குத் தமிழோ, பேசியது பேசியபடி இருக்கும். ஆனால் இரவில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க வேண்டும். ஆப்பிள் வாட்சில் வாய்ஸ் மெமோஸ் செயலி 2019 முதல் உண்டு. சாம்சங் கேலக்ஸி வாட்சில் குரல் பதிவுச் செயலி உண்டு.

வாங்குமுன் விற்பனைக் கடையிலேயே தமிழில் மூன்று வாக்கியம் பேசிச் சோதித்துப் பாருங்கள். அமைதியான அறையில் பேசினால் போதாது. வாசலில், வண்டிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பாருங்கள். நம் கடை அப்படித்தான் இருக்கும்.

கடிகாரம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே செய்தி அனுப்பும் வசதி 2022 நவம்பரில் வந்தது. அதில் குரல் செய்தி அனுப்பி வைத்தாலும் அதே பயன் கிடைக்கும். போனை எடுத்துத் திறக்கக் கை வேண்டும் என்பதுதான் வித்தியாசம். ஒரு மாதம் இப்படிப் பழகிப் பார்த்து, இரவுப் பட்டியல் பார்க்கும் வழக்கம் நிலைத்த பிறகு கடிகாரம் வாங்குவது சிக்கனமான வழி.

எப்படிச் சொல்ல வேண்டும்?

மரக்காலால் அளந்த காலத்தில் 'லாபம், ரெண்டு, மூணு' என்று உரக்க எண்ணியே அளந்தார்கள். அளப்பவர் நாவும், வாங்குபவர் காதும், எழுதுபவர் கையும் ஒரே எண்ணில் நின்றன. கடிகாரத்திலும் அந்தப் பழக்கம் உதவும். வாடிக்கையாளர் சொன்னதை அவர் எதிரிலேயே திருப்பிச் சொல்லிப் பதிவு செய்தால், தவறு இருந்தால் அவரே திருத்துவார். தன் வார்த்தைக்கு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்ற திருப்தியும் அவருக்கு உண்டாகும்.

சொல்லும் வாக்கியத்தில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: யாருக்கு, என்ன, எப்போது. "தென்காசிக் கடைக்கு வெல்லம் பத்துச் சிப்பம், வியாழக்கிழமை லாரி" என்றால் முழுமை. "வெல்லம் விஷயம் பார்க்கணும்" என்று சொல்லி வைத்தால், இரவில் அது யாருடைய வெல்லம் என்று நமக்கே தெரியாது. நாளும் மணியும் சேர்த்து, "நாளை காலை பத்து மணிக்கு ஞாபகப்படுத்து" என்று சொன்னால், குரல் உதவி அந்த நேரத்துக்கு மணி அடிக்கவும் ஏற்பாடு செய்யும்.

ஒரு பதிவில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்று முடிந்ததும் மூன்றையும் அடித்துவிடும் அபாயம் உண்டு.

எண்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை. பேச்சுத் தமிழில் 'அம்பது', 'ஒம்பது' இரண்டும் காதுக்கு மிக அருகில் இருப்பவை. 'எழுபது', 'எண்பது' இரண்டும் அப்படியே. மனிதர் காதே தடுமாறும் இடத்தில் கருவி தடுமாறுவதில் ஆச்சரியம் இல்லை. எனவே எண்ணை இரண்டு முறை சொல்லுங்கள். இரண்டாம் முறை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். "எழுபது, ஏழு சைபர்" என்றால் எது சரி என்று இரவில் பார்க்கும்போது தெரிந்துவிடும். ஒன்றரை, இரண்டே கால், முக்கால் போன்ற பின்ன அளவுகளைக் கிலோவும் கிராமுமாகச் சொல்வது நல்லது.

மாவு, மிளகாய்த் தூள், சிமென்ட் பறக்கும் கடைகளில் மைக் துவாரம் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை உலர்ந்த மென்மையான துணியால் துடைத்து வைக்கவும்.

எதைச் சொல்லக் கூடாது?

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை நாம் அறிவோம். நாலு பேர் நிற்கும் இடத்தில் விலை காதில் விழக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. கடிகாரத்திடம் பேசுவது நாலு பேர் எதிரில் பேசுவதுதான். கொள்முதல் விலை, ஒருவருக்கு மட்டும் கொடுக்கும் தள்ளுபடி, இன்னாருக்கு இவ்வளவு பாக்கி என்பவற்றைக் கடையில் உரக்கச் சொல்லிப் பதிவு செய்யக் கூடாது. பாக்கிக்காரர் பெயரை எல்லார் எதிரிலும் சொன்னால் பாக்கியும் வராது, உறவும் போய்விடும். "நாலாம் பக்கத்துக் கணக்கைப் பார்" என்பது போல உங்களுக்கு மட்டும் புரியும் குறி வைத்துக்கொள்ளலாம். குழூஉக்குறி என்பது நம் இலக்கண நூல்களிலேயே இடம்பெற்ற பழைய வழக்கம்.

பேசியது போகும் இடத்தையும் யோசிக்க வேண்டும். பல கடிகாரங்களில் பேச்சு எழுத்தாவது கடிகாரத்துக்குள் அல்ல, கம்பெனியின் கம்ப்யூட்டர்களில். குரல் உதவியின் தரத்தைச் சோதிப்பதற்காக, வாடிக்கையாளர்களின் பதிவுகளில் சிலவற்றை ஒப்பந்தப் பணியாளர்கள் கேட்டுவந்தது 2019-இல் வெளியானது. ஆப்பிள், கூகிள் இரண்டு நிறுவனங்களின் சேவையிலும் இது நடந்திருந்தது. அதன் பிறகு பயனாளரின் சம்மதம் கேட்கும் முறை வந்தது. போனின் அமைப்புகளில் அந்தச் சம்மதம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது. வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல், ஓடிபி இவற்றை எக்காரணம் கொண்டும் பேசிப் பதிவு செய்யக் கூடாது.

கடனுக்கு அத்தாட்சியாகவும் இது நிற்காது. கடனுக்கு விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் பொதுவாக 3 ஆண்டு அவகாசம் தருகிறது. அந்தக் காலம் புதுப்பிக்கப்பட வேண்டுமானால் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். நம் கடிகாரத்தில் நம் குரலில் உள்ள குறிப்பு நமக்கு ஞாபகமூட்டும். அதற்கு மேல் எதுவும் செய்யாது. பில்லும் கையெழுத்தும் எப்போதும் போல் வேண்டும்.

மறந்தால் பணம் போகும் தேதிகள்

சரக்கு அனுப்ப மறந்தால் மன்னிப்புக் கேட்கலாம். சட்டத்தின் தேதிகளிடம் மன்னிப்பு இல்லை. கையில் காகிதம் வந்த அந்த நிமிடமே பேசிக் குறிக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது காசோலை. 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுள், அதில் உள்ள தேதியிலிருந்து 3 மாதம். பின்தேதி போட்ட காசோலையை வாங்கி டிராயரில் வைத்து மறந்தவர்கள் நம்மில் பலர். வாங்கியவுடன் "இன்னாருடைய காசோலை, இந்தத் தேதியில் பேங்கில் போட வேண்டும்" என்று குறித்துவிட வேண்டும். பணமில்லாமல் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். இந்த மூன்று கெடுவும் மூன்று தனித்தனிக் குறிப்புகள். ஒன்று தவறினாலும் வழக்கு பலவீனப்படும்.

இரண்டாவது ஜிஎஸ்டி. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20-ஆம் தேதிக்குள்ளும் போக வேண்டும். ஜிஎஸ்டிஆர்-3பி தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரி ஏதும் இல்லாத ரிட்டனுக்கு 20 ரூபாய். வரிப் பணத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரி 60,000 ரூபாய் என்றும், 20 நாள் தாமதம் என்றும் வைத்துக்கொள்வோம். தாமதக் கட்டணம் 1,000 ரூபாய், வட்டி சுமார் 592 ரூபாய், ஆக ஏறக்குறைய 1,600 ரூபாய் வீண். மொத்த வியாபாரிகளுக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. நாம் 11-ஆம் தேதியைத் தவறவிட்டால், நம்மிடம் சரக்கு எடுத்த சில்லறை வியாபாரியின் கணக்கில் அந்த மாதம் உள்ளீட்டு வரி வரவு காட்டாது. நம் மறதிக்கு அவர் பணம் கட்ட வேண்டி வரும். அப்படி ஒருமுறை நேர்ந்தால் அடுத்த சரக்கை அவர் எங்கே எடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது இ-வே பில். சாதாரணச் சரக்கு வண்டிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது அதன் ஆயுள். வண்டி வழியில் பழுதாகி நின்றால், கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ, முடிந்து 8 மணி நேரத்துக்குள்ளோ நீட்டிப்புச் செய்ய வேண்டும். டிரைவர் போனில் சொல்லும் அந்த நொடியில் கடிகாரத்தில் மணி வைத்துவிட்டால் போதும்.

இவற்றோடு உணவுப் பாதுகாப்பு உரிமம், உள்ளாட்சித் தொழில் உரிமம், மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் வைக்க வேண்டிய முத்திரை, தீ விபத்துக் காப்பீடு ஆகியவற்றின் கடைசித் தேதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் கடைசி நாளில் அல்லாமல் 15 நாள் முன்பாகவே மணி அடிக்குமாறு வையுங்கள்.

இரவில் பத்து நிமிடம்

இந்த ஏற்பாடு முழுவதும் நிற்பதும் விழுவதும் இந்தப் பத்து நிமிடத்தில்தான். கல்லாவை எண்ணி முடித்தவுடன், எழுந்து போகும் முன், அன்றைய பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றையும் நான்கில் ஒரு வழியில் அனுப்பிவிட வேண்டும்.

1. முடிந்த வேலையை அடித்துவிடுங்கள்.

2. பணமும் சரக்கும் சம்பந்தப்பட்டதைச் சரிபார்த்து ஆர்டர் நோட்டிலோ கணக்கிலோ ஏற்றுங்கள். எண்ணில் சந்தேகம் இருந்தால் மறுநாள் காலை போன் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

3. பின்னொரு நாளுக்கு உரியதைத் தேதியோடு காலண்டரில் போடுங்கள்.

4. வேறொருவர் செய்ய வேண்டியதை அவரிடம் அப்போதே ஒப்படைத்து, அவர் பெயரையும் குறியுங்கள்.

நான்கிலும் சேராமல் பட்டியலில் கிடப்பவை ஒரு வாரத்துக்கு மேல் போனால் அவை குறிப்புகள் அல்ல, குப்பை. ஒன்று செய்துவிட வேண்டும். அல்லது சம்பந்தப்பட்டவரிடம் "முடியவில்லை, மன்னிக்கவும்" என்று நாமாகச் சொல்லிவிட வேண்டும். அவர் கேட்டு நாம் கைவிரிப்பதைவிட, நாமே முந்திச் சொல்வது எவ்வளவோ மேல். காலையில் கேட்ட ரகம் இல்லை என்று மாலையில் போன் போட்டுச் சொன்னாலும், சொன்னாரே என்ற மரியாதை வாடிக்கையாளருக்கு உண்டு.

இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் கடையில் முதலாளியின் கடிகாரத்தில் மட்டும் எல்லாம் இருப்பதும் ஆபத்து. அவர் ஒருநாள் ஊருக்குப் போனால் கடைக்கு மறதி வந்துவிடும். பசியோலி சொன்னதுபோல் கடையில் இருக்கும் எல்லாருக்கும் எழுதும் உரிமை வேண்டும். கூகிள் கீப், ஆப்பிள் ரிமைண்டர்ஸ் இரண்டிலும் ஒரே பட்டியலைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். அல்லது கல்லா மேல் ஒரு சாதாரண நோட்டும், நூலில் கட்டிய பேனாவும் இருந்தால்கூடப் போதும். மகனோ மகளோ கடிகாரத்தில் பேசட்டும், பெரியவர் நோட்டில் எழுதட்டும். இரவில் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

தமிழில் நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும், சொன்ன சொல் தவறாத குணத்தையும் குறிக்கும். பெரிய நிறுவனங்கள் நம்மைவிடக் குறைந்த விலையில் விற்கலாம், வீட்டு வாசலுக்கே கொண்டு போய்க் கொடுக்கலாம். ஆனால் "உங்களுக்குப் பிடித்த அந்த ரகம் வந்திருக்கிறது அக்கா, எடுத்து வைத்திருக்கிறேன்" என்று பெயர் தெரிந்து, கேட்டதை நினைவில் வைத்துச் சொல்வது நம் தெருக் கடைக்காரரால்தான் முடியும். அந்தப் பலத்தை மறதிக்குப் பறிகொடுக்காமல் இருக்கக் கடிகாரம் உதவுமானால் வாங்குங்கள். இல்லையென்றால் நோட்டையே தொடருங்கள். எதுவானாலும், நம் கடையில் "ஆகட்டும்" என்று சொன்ன எந்த வேலையும் குறிக்கப்படாமல் இருக்கக் கூடாது. குறித்த எதுவும் அன்றிரவு பார்க்கப்படாமல் இருக்கக் கூடாது. வணிகப் பெருமக்கள் இன்றிரவே தொடங்கலாம்.